இருபது ஞாயிற்றுக்கிழமைகளின் கையெழுத்து

ஒரு சனிக்கிழமை காலை என் வகுப்பில் இருபத்தாறு கையெழுத்துகளும் பதினேழு மனிதர்களும் இருந்தார்கள்.

இடம் வெள்ளவத்தை. காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒரு தனியார் கல்வி நிலையம். லிஃப்ட் உண்டு. கடைக்கு வரும் துணிப் பொதிகள் முதலில் ஏறும், மாணவர்கள் பிறகு. அங்கே இன்றும் சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் செய்தி எழுதக் கற்பிக்கிறேன். அதற்கு முன் முப்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பது தொழில். அதில் பாதி, எண்ணுவது. தலைப்பில் நான்கு பேர் காயம் என்றிருந்தால் உள்ளே நான்கு பேர் காயப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அன்றைக்கு வரவு இடாப்பு கைக்கு வந்ததும் தலைகளை எண்ணினேன்.

மேலதிகமாக இருந்த ஒன்பது கையெழுத்துகளில் மூன்று ஒரே நீலப் பேனாவால் போடப்பட்டிருந்தன. முன் வரிசை வாங்கில் அந்தப் பேனா இருந்தது. அதை வைத்திருந்தவள் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, களுபோவிலயில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்பவள். இருபத்துநான்கு வயது.

"இது ஆர் போட்டது?" என்றேன்.

"நான்தாங்க சேர்."

"ஒன்பதுமா?"

"மூணுதாங்க. மத்த ஆறு நான் இல்லீங்க."

நான் பத்து நிமிடம் பேசினேன். விரலை நீட்டிப் பேசியதாக ஞாபகம். கடைசியில், "நீங்கள் படிக்க வந்தனீங்களா, பட்டத்துக்கு வந்தனீங்களா?" என்று கேட்டேன். இப்படிப்பட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கேட்பது.

"பட்டத்துக்குத்தாங்க சேர்," என்றாள் அவள். "டிப்ளோமா, டிகிரி ரெண்டையும் எடுத்துட்டா பொறகு ஆறுதலா படிக்கலாம்தானே."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் எப்போதும் இருக்கும். கணினி, ஆங்கிலம், சிங்களம், முதலுதவி, கேக் ஐசிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேட்டிபிக்கேட், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். பத்திரிகையில் நான் மேசையில் நாற்பது செய்திப் பிரதிகள் குவித்து வைத்துத் தேடிய காலத்தில் அப்படியொரு ஃபைலைக் கண்டதில்லை.

மீதி நேரத்தில் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்து, செய்தி பொய்யாக இருக்கலாம் என்பது பாடம். "தண்ணீர்க் குழாயே போடாத ஒரு தெருவைப் பற்றி, 'நேற்று அங்கே நீர் விநியோகத்தில் தடை எதுவும் ஏற்படவில்லை' என்று எழுதலாம். எழுதினால் யாரும் வழக்குப் போட முடியாது" என்றேன்.

பின் வாங்கிலிருந்து ஒருவன் கையுயர்த்தினான். "சேர், இது எக்ஸாமுக்கு வருமா?"

"வராது."

பதினேழு பேனாக்கள் வாங்குகளில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் பணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மாணவர்களைப் பற்றி முறையிட இது நல்ல தருணம் என்று போனேன். அவர் என்னைப் பற்றிப் பேசினார்.

"சேர், தர ஆய்வுக் குழு வரப்போகுது. படிப்பிக்கிற எல்லாருக்கும் டிகிரி இருக்கோணும். உங்கட முப்பது வருஷ அனுபவத்த நான் ஃபைலில எந்தப் பக்கம் போடுறது?"

நான் முற்றாகக் கைவிடப்பட்டவன் இல்லை. பத்திரிகை முதலில் பக்கங்களையும் பிறகு ஆட்களையும் குறைத்த காலத்தில் ஒரு வெளிவாரி இதழியல் பட்டத்துக்குப் பதிந்து, முதல் இரண்டு வருடங்களை வீட்டிலிருந்தே எழுதி முடித்திருந்தேன். கடைசி வருடம்தான் மீதி.

"அப்ப இந்த வருஷமே முடிச்சிடுங்கோ. இல்லாட்டித் தையில இருந்து சனிக்கிழமை வகுப்ப வேற ஆளுக்கு..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அரைகுறை வாக்கியங்களை முடித்து வைப்பது என் தொழில் என்பதால் முடித்துக்கொண்டேன்.

அந்த வகுப்பை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு வாக்கியம் ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்தால் என்ன என்று நான் சத்தமாகப் பேசக்கூடிய இடம் கொழும்பில் அது ஒன்றுதான். வீட்டில் தொடங்கினால் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள்.

கடைசி வருட வகுப்புகள் கொட்டாஞ்சேனையில், வாடகைக்கு எடுத்த ஒரு கட்டடத்தில், ஞாயிறு தோறும் நடந்தன. மொத்தம் இருபது ஞாயிறு. பதினாறுக்கு வந்திருந்தால்தான் பரீட்சைக்கு அனுமதி அட்டை. முதல் ஞாயிறு ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தேன்.

"வாங்க சேர். எடம் புடிச்சு வச்சிருக்கேன்."

இரண்டாம் வாங்கில், பிளாஸ்டிக் ஃபைலுடன், அவள்.

சனிக்கிழமை டிப்ளோமா, ஞாயிற்றுக்கிழமை டிகிரி. இடையில் ஐந்து நாள் மருந்துக் கடை. "இன்னும் ஒண்ணு புதன்கிழமை பின்னேரம் இருக்கு சேர், ஆனா பஸ் சரிவராது," என்றாள்.

விரிவுரையாளர் நல்ல பிள்ளை. டியூட் என்று சொல்லும் அச்சுக் குறிப்புகளை எல்லோருக்கும் கொடுப்பார். பிறகு அதையே எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். முக்கியமான இடம் வந்தால் நிறுத்தி, "அடிக்கோடு போடுங்கோ" என்பார். மூன்றாம் வாரம் ஒரு சிறு சோதனை வைத்தார். செய்தி என்றால் என்ன? நான் மூன்று பக்கம் எழுதினேன். முப்பது வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. டியூட்டில் இருந்த ஏழு வரைவிலக்கணங்களையும் வரிசை மாறாமல் எழுதிய அவளுக்கு எழுபத்தொன்று.

"நீங்க யோசிச்சு எழுதிட்டீங்க சேர்," என்று ஆறுதல் சொன்னாள். "மொதல் தடவ அப்படித்தான்."

அடுத்த ஞாயிறு விரிவுரையாளர் ஏதோ ஒரு கோட்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது, "இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒரு குரல் கேட்டது. யார் அந்தச் சோம்பேறி என்று திரும்பிப் பார்க்கப் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது ஞாயிறுக்கு முன் அவள், ஊருக்குப் போக வேண்டும், இடாப்பில் தனக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கேட்டாள். நான் மறுத்தேன். அந்த அளவுக்குக் கொள்கை அப்போது மிச்சமிருந்தது.

இடாப்பு இடைவேளைக்குப் பிறகுதான் சுற்றி வரும். அதில் நான் இரண்டு எழுத்து மட்டும் போடுவேன். பத்திரிகையில் ஒவ்வொரு பக்கமும் அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்த்தவர் மூலையில் பெயரின் இரண்டு எழுத்தைக் கிறுக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. முப்பது வருடத்தில் கை அதற்கே பழகிவிட்டது. விண்ணப்பப் படிவம், மாணவர் புள்ளித்தாள் போன்றவற்றில் மட்டும், உட்கார்ந்து, நிதானமாக, முழுக் கையெழுத்துப் போடுவேன்.

பத்தாவது ஞாயிறு இடைவேளையில் பிளேன்டீ குடிக்கக் கீழே போனேன். அந்தக் கட்டடத்தில் அறைகளைப் பலகைத் தட்டிகளால் பிரித்திருந்தார்கள். கதவுகள் எல்லாம் ஒரே பச்சை. திரும்பி வந்து உட்கார்ந்து டியூட்டை விரித்தபோது, கரும்பலகையில் ஒரு பெண்மணி கொழும்பின் கடற்கரையை வரைந்துகொண்டிருந்தார். பக்கத்து அறையின் புவியியல் வகுப்பு. நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அவர் அப்போது களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நின்றுகொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். ஆறு கொண்டுவரும் மணலை அலை எடுத்து, கரையோரமாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோகிறது என்றார். ஓரிடத்தில் அதை மறித்துக் கல் போட்டால் அங்கே மணல் சேரும், அப்பால் வேறெங்கோ கரை தேயும்.

நான் நாற்பது வருடமாக வெள்ளவத்தைக் கடலைப் பார்த்து வருகிறேன். ரயில் பாதை ஓரமாகக் கொட்டியிருக்கும் கற்களைத் தாண்டி நடந்திருக்கிறேன். கடல் ஊருக்குள் வருகிறது என்று பத்துத் தடவையாவது தலைப்புப் போட்டிருக்கிறேன். மணல் போய்விட்டது என்று ஒரு தடவையும் போட்டதில்லை.

கையுயர்த்தி ஒரு கேள்வி கேட்டேன். அவர் பதில் சொல்லக் கால் மணித்தியாலம் எடுத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பையன் என் தோளைத் தட்டினான். "அங்கிள், இது பேப்பருக்கு வராது. விடுங்க."

அடுத்த ஞாயிறு எங்கள் வகுப்பு வாசலில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"போன கெழம எங்க சேர் போனீங்க? இடாப்பு வந்திச்சு, ஆளக் காணோம். நானே போட்டுட்டேன். மார்க் ஷீட்ல நீங்க போடுவீங்களே, பெருசா, அதப் பாத்துப் பழகி வச்சிருந்தேன்."

எதற்காகப் பழகி வைத்திருந்தாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"பிள்ளை, இண்டைக்கும் ஒண்டு போட்டுவிடும்."

அவள் விரலை நீட்டினாள். என் விரல் அதே கோணத்தில்தான் நிற்கும் போலிருக்கிறது. "நீங்கள் படிக்க வந்தனீங்களா, பட்டத்துக்கு வந்தனீங்களா?"

"பட்டத்துக்கு இந்த அறை. படிக்கப் பக்கத்து அறை."

"அப்ப சரிங்க," என்றாள். பத்தாவதிலிருந்து இருபதாவது வரை பதினொரு ஞாயிறு அவளே போட்டாள். அந்தப் பதினொரு ஞாயிறும் நான் பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம், முன் வாங்கில். அங்கே இடாப்பு வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிடுவேன். அதில் என் பெயர் இல்லை.

அனுமதி அட்டை கொடுக்கும் நாள் வந்தது. எழுதுவினைஞர் தெமட்டகொடைக்காரர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இடாப்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பவர். எனக்கு முன்னால் நின்ற அவள் தன் அட்டையை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, எனக்காக வாசலில் நின்றாள்.

"சேர், உங்கட கார்ட் தர ஏலாம ஈக்குது," என்றார் அவர்.

"ஏன்?"

"பாருங்கோ. மொதல் ஒம்பது கெழமயும் ரெண்டு எழுத்து. பொறகு பதினொரு கெழம முழுக் கையெழுத்து. உங்கட விண்ணப்பத்தில ஈக்கிறதும் முழுக் கையெழுத்து." விண்ணப்பத்தை இடாப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "அப்ப இந்தப் பதினொண்டும் நீங்க. இந்த ஒம்பதும் ஆரோ கூட்டாளி போட்டது. மொதல்ல நீங்க வரல்ல. பொறகு புத்தி வந்து வந்தீக்கிறீங்க. நல்ல விசயம். ஆனா பதினாறு வேணும்."

நான் கணக்குப் பார்த்தேன். அவர் சொன்ன பொய்யின்படி எனக்குப் பதினொன்று. உண்மையைச் சொன்னால் ஒன்பது. இரண்டுமே பதினாறு இல்லை. உண்மையைச் சொன்னால் கூடுதலாக இன்னொன்றும் நடக்கும்: வாசலில் நிற்பவளின் அட்டை உறையிலிருந்து வெளியே வரும். அவள் அதை என்னைவிட முன்பே கணக்குப் பார்த்திருந்தாள். ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஒன்பதும் என்னுடையது," என்றேன். "ஒரு கடதாசி தாங்கோ."

பத்திரிகைப் பழக்கத்தைச் சொல்லிவிட்டு, இரண்டு எழுத்தைப் பத்துத் தடவை வரிசையாகப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டும் ஒன்று போட்டேன். அவர் இடாப்போடு ஒப்பிட்டார்.

"அச்சு மாதிரி ஈக்குது. அப்ப ஒம்பதும் நீங்கதான். இப்ப முழுசா ஒண்டு போடுங்கோ."

போட்டேன். அவர் அதை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது ஆர்ட சேர்?"

நின்றபடி, அவசரமாகப் போட்டது. நடுவில் ஒரு வளைவு விழவில்லை. கடைசிக் கோடு மேலே போவதற்குப் பதிலாகக் கீழே போயிருந்தது. அவள் போட்ட பதினொன்றும் என் விண்ணப்பத்தோடு ஒத்துப்போயின. நான் போட்டது ஒத்துப்போகவில்லை.

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சேர், இந்தப் பதினொரு ஞாயிறும் நீங்க வந்தீங்களா?"

"ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. ஒன்பது மணிக்கு முன்னம் இந்தக் கட்டடத்துக்கு வந்திடுவன். வகுப்பு முடியாமல் ஒரு நாளும் வெளியில போனதில்லை."

அவர் நம்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, புவியியல் மிஸ் தன் இடாப்பைக் கொடுக்க உள்ளே வந்தார். தெஹிவளைக்காரர், ரயிலைப் பிடிக்க எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"மிஸ், இவர ஞாயிறுல கண்டீக்கிறீங்களா?"

"காணாம என்ன? ஒவ்வொரு கிழமையும் முன் வாங்கு. இந்தக் கட்டடத்தில இவ்வளவு கேள்வி கேட்கிற ஆள் வேற இல்ல."

எழுதுவினைஞர் தலையாட்டினார். மிஸ்ஸின் கண் மேசையில் விரிந்திருந்த இடாப்புக்குப் போனது. மேலே பாடத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது அவருடைய பாடம் இல்லை. அவர் அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற பிள்ளையையும் பார்த்தார்.

"ரயிலுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இருபதுக்கு இருபது," என்றார் எழுதுவினைஞர். அட்டையில் முத்திரை குத்தினார். "இந்த பெட்ச்ல நீங்க மட்டுந்தான். முழு வரவுக்கு ஒரு சேட்டிபிக்கேட் குடுப்பம், பொறகு வந்து எடுங்கோ."

வாசலிலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவளுக்கு இருபதில் பத்தொன்பதுதான்.

"இன்னொண்டு சேர்." அவர் அவள் போட்ட பதினொன்றில் கடைசியானதைத் தொட்டுக் காட்டினார். "பரீட்ச மண்டபத்தில இந்தக் கையெழுத்தப் போடுங்கோ. விண்ணப்பத்தில ஈக்கிறதோட ஒத்துவராட்டி அவங்க பேப்பரத் தர மாட்டாங்க."

புறக்கோட்டையில் பஸ் மாறி ஏறினோம். ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த சேட்டிபிக்கேட்ட நான் எடுக்க மாட்டன், பிள்ளை."

"எடுங்க சேர். உங்க ஃபைல்ல ஒண்ணுமே இல்லியே." பிறகு சொன்னாள்: "அங்க நீங்க சொன்னதுல ஒரு வரி கூடப் பொய் இல்லீங்க."

"இல்லை."

"மிஸ் சொன்னதுலயும் இல்ல."

"இல்லை."

"ஆனா நியூஸ் பொய். கொழாயே போடாத தெரு."

பஸ் காலிமுகத்திடலைத் தாண்டியது. என் வகுப்பில் சொன்ன ஒன்றை யாராவது எனக்கே திருப்பிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அது பரீட்சைக்கு வராது எண்டு சொன்னனே. எழுதி வைச்சனீரா?"

"எங்க சேர் எழுதுறது? நீங்க வராதுன்னு சொன்னதும் பேனாவ வச்சுட்டேன். கை சும்மா இருந்திச்சு, அதனாலதான் காதுல விழுந்திச்சு."

அவள் ஒரு கொப்பியை எடுத்து, வெற்றுப் பக்கத்தின் மேல் வரியில் என் கையெழுத்தை அழகாகப் போட்டு, கொப்பியையும் நீலப் பேனாவையும் என் மடியில் வைத்தாள்.

"போடுங்க சேர்."

போட்டேன்.

"நடு வளைவு பத்தாது. அவசரப்படாதீங்க. கடைசிக் கோடு மேல போவணும், நீங்கதானே அப்படிப் போடுவீங்க."

கொள்ளுப்பிட்டியில் ஆறு போட்டேன். அவள் இரண்டுக்குச் சரி போட்டாள். பம்பலப்பிட்டியில் பஸ் சிக்னலில் நின்றபோது, ஒரு ஒழுங்கையின் முனையில் கடல் தெரிந்தது. ரயில் பாதை, அதற்குக் கீழே கருங்கற்கள், கற்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் மணல். மிஸ் கரும்பலகையில் வரைந்தது அப்படியே அங்கே கிடந்தது.

"பிள்ளை, அங்க பாரும். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் மணல் நிக்குது, அந்தப் பக்கம் இல்லை. ஏனெண்டால்..."

"சேர்." அவள் கொப்பியைத் தட்டினாள். "அது எக்ஸாமுக்கு வராது. இது வருது. போடுங்க."